எதிர்பார்த்ததும் பார்த்ததும்

(பொறியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ரோபோ என்றதும் நமக்குக் கை, கால், கண் என்று உறுப்புகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கல்லூரிகளிலும் பாடங்கள் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. கணினிப் பார்வை கணினித் துறைக்குப் போயிற்று. கட்டுப்பாட்டுப் பொறியியலை மின்னியல் துறை வைத்துக்கொண்டது. கையும் காலும் இயந்திரவியல்காரர்களுக்கு. ஒருவர் பாடத்தை இன்னொருவர் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். எந்த ரோபோவும் அடுத்த கணத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறது. அந்தக் கணம் வந்ததும் நடந்ததைப் பார்க்கிறது. இரண்டும் ஒருநாளும் முழுசாக ஒத்துப்போவதில்லை. அந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரம் என்ன செய்கிறது? ரோபோ ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும் என்பது என் கட்சி. உங்களில் பலர் மறுப்பீர்கள். கடைசியில் சண்டை போடலாம்.

எதிர்பார்ப்பே இல்லாத ஒரு ரோபோவிலிருந்து தொடங்குகிறேன். 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு தள்ளுவண்டியை ஓட்டினார். நான்கு சக்கரம், மேலே ஒரு சட்டம், சட்டத்தில் இடவலமாக நகரும் தொலைக்காட்சி கேமரா. வண்டி ஓரிடத்தில் நிற்கும்; கேமரா சட்டத்தில் நகர்ந்து ஒன்பது படம் எடுக்கும்; அந்தப் படங்களை ஒப்பிட்டு எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணினி கணக்கிடும். பிறகு ஒரு மீட்டர் நகரும். அடுத்த மீட்டருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் யோசனை. நாற்காலிகள் கிடந்த ஓர் அறையைக் கடந்து முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆயிற்று. வெளியே வெயிலில் விட்டபோது இன்னொரு சிக்கல். வண்டி கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சூரியன் நகர்ந்தது, நிழல்களும் நகர்ந்தன. சற்றுமுன்வரை இல்லாத பொருள்கள் முளைத்ததுபோல் வண்டி குழம்பியது.

சிரிக்க வேண்டாம். முப்பரிமாண உலகைப் படத்திலிருந்து மீட்டெடுக்கும் கணக்கு, அதற்காகப் படத்தில் மூலைகளைத் தேடும் உத்தி எல்லாம் அந்த ஆய்வேட்டிலிருந்து நமக்கு வந்தவை. செவ்வாயில் பறந்த ஹெலிகாப்டர் தரையில் தேடியதும் அதே வகை மூலைகளைத்தான். ஆனால் அந்த வண்டி ஒவ்வொரு மீட்டரிலும் உலகத்தைப் பெரும்பாலும் புதிதாகப் பார்த்தது. முன்னால் பார்த்ததைக் கொண்டு அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று தன் தேடலைச் சுருக்கிக்கொள்ள அது போதிய அளவு கற்றிருக்கவில்லை.

ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் வேறு வழியாக இந்தத் துறைக்குள் வந்தார். அவர் செயற்கை நுண்ணறிவுக்காரர் இல்லை. விமானமும் விண்கலமும் செல்லும் பாதையைக் கணக்கிடுகிற பொறியாளர்; மியூனிக்கில் ஜெர்மன் ராணுவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஐந்து டன் எடையுள்ள மெர்சிடிஸ் வேன் ஒன்றில் கேமராக்களையும் கணினிகளையும் ஏற்றினார். 1980களின் கணினிக்கு வீடியோவின் ஒரு பிரேமை முழுவதுமாக அலசுவதே பெரும்பாடு. அடுத்த பிரேம் அதற்குள் வந்து நிற்கும். மற்றவர்கள் வேகமான கணினிக்காகக் காத்திருந்தார்கள். டிக்மன்ஸ், முழுப் படத்தையும் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

வண்டி எந்த இடத்தில் இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரியும். அப்படியானால் அடுத்த பிரேமில் சாலையின் வெள்ளைக்கோடு படத்தின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். அந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்னச் சதுரத்துக்குள் தேடினால் போதும். கோடு நினைத்த இடத்திலிருந்து நாலு பிக்சல் தள்ளி இருந்தால், அந்த நாலு பிக்சல்தான் அந்தப் பிரேம் கொண்டுவந்த செய்தி. வண்டி கொஞ்சம் விலகியிருக்கிறது, அல்லது சாலை நினைத்ததைவிடக் கூடுதலாக வளைகிறது. அதை வைத்து அனுமானத்தைத் திருத்திக்கொண்டு அடுத்த பிரேமுக்குப் போகலாம். படத்தின் மற்ற லட்சக்கணக்கான புள்ளிகளைத் தொடவே வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலை போடுகிறவர்கள் நேர்கோட்டிலிருந்து சட்டென்று வட்ட வளைவுக்குப் போவதில்லை. அப்படிப் போனால் ஓட்டுநர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்ப வேண்டிவரும். வளைவு சீராகக் கூடிக்கொண்டே போகும்படி கிளோதாய்டு என்ற வளைகோட்டில் சாலையைப் போடுவார்கள். டிக்மன்ஸ் அந்தச் சாலைப் பொறியியல் விதியை வண்டியின் அறிவுக்குள் எழுதிவைத்தார். சாலை எப்படியெல்லாம் வளைய முடியும், எப்படி வளைய முடியாது என்று அந்த வேனுக்குத் தெரியும். அதனால்தான் இன்றைய மலிவான கைப்பேசியின் திறன்கூட இல்லாத கணினிகளை வைத்துக்கொண்டு, 1987வாக்கில், போக்குவரத்துக்குத் திறக்காத ஆட்டோபானில் மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் ஓடிற்று. 1995இல் அதன் வாரிசான கார் மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஓடென்சே வரை போய்த் திரும்பியது. 1,700 கி.மீ.க்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில் ஏறத்தாழ 95 சதவீதத் தூரம் தானாகவே ஓட்டியது. சில இடங்களில் 175 கி.மீ. வேகம்.

தானியங்கிக் கார் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2004இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நடந்த பந்தயத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். அந்தப் பந்தயத்தில் எந்த வண்டியும் 12 கி.மீ. தாண்டவில்லை. டிக்மன்ஸை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம் நியாயமாகவும் இருக்க வேண்டும். பாலைவனத்தில் வெள்ளைக்கோடும் இல்லை, கிளோதாய்டும் இல்லை. விதியே இல்லாத இடத்தில் எதை எதிர்பார்ப்பது? டிக்மன்ஸின் முறைக்குப் பலமாக இருந்ததே அங்கே கைவிடும்.

எதிர்பார்ப்பும் அளவீடும் முரண்பட்டால் எதை நம்புவது என்ற கேள்விக்கு அவர் பயன்படுத்திய விடை, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ருடால்ஃப் கால்மன் 1960இல் எழுதிய கட்டுரையில் இருந்தது. அதன் சாரம் எளிமையானது. இரண்டையுமே முழுதாக நம்பாதே. எதில் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்பதற்கும் கணக்கு வைத்துக்கொள். ஐயம் குறைந்ததன் பக்கம் கூடுதலாகச் சாய். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த ஸ்டான்லி ஷ்மிட் இதன் மதிப்பை உடனே கண்டுகொண்டார். அப்பல்லோ விண்கலம் நிலவுக்கு வழி கண்டுபிடித்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இதுவரை சொன்னது பார்வை. இனி செயலுக்கு வருகிறேன்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பஸ் ஓட்டுகிற டிரைவரைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணுக்குத் தெரிகிற அடுத்த வளைவுவரை மனதில் முழுத் திட்டம் போட்டுவிடுவார்: எங்கே கியர் குறைப்பது, எந்தப் பக்கம் ஒதுங்கி எடுப்பது. ஆனால் அந்தத் திட்டத்தில் இந்தக் கணத்துக்கான பகுதியை மட்டுமே நிறைவேற்றுவார். வளைவில் எதிரே ஒரு லாரி மூக்கை நீட்டினால் மிச்சத் திட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவார். தூரம்வரை திட்டமிடு, முதல் அடியை மட்டும் எடு, மறுபடி பார், மறுபடி திட்டமிடு. மாதிரிசார் முன்கணிப்புக் கட்டுப்பாடு என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான்.

இது ரோபோவுக்காகப் பிறந்த முறை இல்லை. 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பிறந்தது. அமெரிக்காவில் ஷெல் நிறுவனத்தின் சார்லஸ் கட்லரும் ராமேக்கரும், பிரான்ஸில் ழாக் ரிஷாலேயும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியாக இதற்கு வந்தார்கள். காரணம் பணம். ஆலையை அதன் வரம்பை ஒட்டி ஓட்டினால்தான் லாபம் அதிகம். வெப்பநிலை இன்னும் கொஞ்சம் ஏறினால் விளைச்சல் கூடும், அதையும் தாண்டினால் உலை கெடும் என்கிற விளிம்பு அது. வழக்கமான பி.ஐ.டி. கட்டுப்படுத்திக்கு இலக்கு தெரியும். வேலி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஆலை ஊழியர்கள் பயந்து வேலியிலிருந்து எட்டியே ஓட்டினார்கள். அரைமணி கழித்து வெப்பம் எங்கே போய் நிற்கும் என்று முன்னால் பார்க்கத் தெரிந்த கட்டுப்படுத்தி இருந்தால் வேலியை உரசாமல் அதன் ஓரமாகவே போகலாம். நிமிடக்கணக்கில் மெல்ல மாறுகிற ஆலை என்பதால் அன்றைய கணினிக்கும் அவகாசம் கிடைத்தது. இது தடம்புரளாமல் நிற்கும் என்பதற்கான முறையான நிரூபணங்களைப் பல்கலைக்கழகங்கள் பிறகுதான் தேடிப்பிடித்தன. தொழிற்சாலை முன்னால் போக, கோட்பாடு பின்னால் ஓடிவந்த கதைகளில் இதுவும் ஒன்று. கட்டுரை எண்ணிக்கையால் ஆராய்ச்சியை அளக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆலைக்கு நிமிடம் போதும். தரையிறங்குகிற ராக்கெட்டுக்கு நொடிக்குள் விடை வேண்டும். அதுவும் ஒவ்வொரு முறையும் தவறாமல் வேண்டும். இங்கே கணிதம் குறுக்கே நின்றது. கணக்குகளில் ஒரு வகை உண்டு: எங்கிருந்து தேடத் தொடங்கினாலும் ஒரே சிறந்த விடையில், இத்தனை படிகளுக்குள் என்று உறுதியாகப் போய் முடியும். குவிவுக் கணக்கு என்கிறோம். தரையிறங்கும் ராக்கெட்டின் கணக்கு அந்த வகையில் சேரவில்லை. என்ஜினுக்கு உச்ச உந்துவிசை மட்டுமல்ல, குறைந்தபட்ச உந்துவிசையும் உண்டு. அதற்குக் கீழே தணித்தால் அணைந்துவிடும். ஆகவே அனுமதிக்கப்பட்ட உந்துவிசைகளின் தொகுதி, நடுவில் ஓட்டை விழுந்த வளையமாகிறது. அந்த ஓட்டை குவிவைக் கெடுத்துவிடுகிறது.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த பெஹ்செட் அச்சிக்மெஷேயும் ஸ்காட் ப்ளோயனும் 2007இல் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். கூடுதலாக ஒரு மாறியைச் சேர்த்து, ஓட்டையை மூடிக் கணக்கைத் தளர்த்திவிட்டார்கள். தளர்த்திய கணக்கில் என்ஜினால் தர முடியாத உந்துவிசைகளும் நுழைந்துவிடும். ஆனால் எரிபொருளை மிகக் குறைவாகச் செலவழிக்கும் விடை, தளர்த்திய பகுதிக்குள் ஒருபோதும் விழாது. உண்மையான எல்லையின் மேலேயே உட்காரும் என்று நிரூபித்தார்கள். எளிய கணக்கைப் போட்டுக் கடினமான கணக்கின் விடையைச் சேதாரமில்லாமல் வாங்கிக்கொள்வது. பொறியியல் கணிதத்தில் நான் படித்து வியந்த இடங்களில் இது ஒன்று.

அந்தப் பணியை அச்சிக்மெஷேயோடு சேர்ந்து தொடர்ந்த லார்ஸ் பிளாக்மோர் பிறகு ஸ்பேஸ்எக்ஸ் போனார். 2015 டிசம்பர் 21 இரவு ஃபுளோரிடாவில் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டம், 40 மீட்டருக்கும் உயரமானது, நின்ற நிலையில் தரையிறங்கியது. கிட்டத்தட்டக் காலியான அந்த ராக்கெட்டின் எடையைவிட ஒரே ஒரு என்ஜினின் குறைந்தபட்ச உந்துவிசை அதிகம். அந்தரத்தில் நின்று நிதானிக்க அதனால் முடியாது. நின்றால் மறுபடி மேலே கிளம்பிவிடும். வேகம் பூஜ்யமாவதும் உயரம் பூஜ்யமாவதும் ஒரே கணத்தில் நடந்தாக வேண்டும். முன்கணிக்கத் தெரியாத கட்டுப்பாட்டுக்கு அங்கே இடமே இல்லை.

நான்குகால் ரோபோக்களிலும் இதே கணக்குத்தான். எம்.ஐ.டி.யின் சீட்டா 3 கேமரா இல்லாமலே படியேறியது. காலின் எடையை மறந்துவிட்டு உடலை ஒரே கட்டியாக வைத்துக்கொண்டு, ஏறத்தாழ அரை நொடி முன்னால் பார்த்து, எந்தப் பாதம் தரையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று முடிவெடுத்தது. அவ்வளவு முரட்டு மாதிரி போதுமா என்றால், போதும். நொடிக்குப் பலமுறை திருத்திக்கொள்கிறவனுக்கு மாதிரி துல்லியமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

திருத்த இடம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் விழுந்ததை நாமெல்லாம் கண்விழித்துப் பார்த்தோம். 2023இல் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் வெளிப்படையாகக் காரணம் சொன்னார். ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் வரம்பு கட்டியிருந்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அந்தச் சின்ன இடத்தைப் பிடிக்கக் கலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சரிசெய்யும் வழிகளை வடிவமைப்பே அடைத்துவைத்திருந்தது.

விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல் இறங்கும் பகுதி 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று விரிந்தது. கலத்தின் வேகத்தை நேரடியாக அளக்க லேசர் டாப்ளர் கருவி சேர்ந்தது. பள்ளம் பாறை பார்த்து விலக கேமராக்கள் இருந்தன. எது எது தவறலாம் என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் தாங்கும்படி செய்தோம் என்றார் சோமநாத். கலம் பத்திரமாக இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது செவ்வாய். இன்ஜெனுயிட்டி என்ற ஹெலிகாப்டர்; எடை 1.8 கிலோ. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். செவ்வாயின் காற்று பூமிக் காற்றின் அடர்த்தியில் ஒரு சதவீதம்தான். ஆகவே இறக்கைகள் நிமிடத்துக்கு 2,400 முறைக்கும் மேல் சுழல வேண்டும். பூமியிலிருந்து சமிக்ஞை போய்ச்சேரவே பல நிமிடங்கள். எனவே எல்லாம் அதன் பொறுப்பு. முடுக்கமானியும் கைரோவும் நொடிக்குப் பல நூறு முறை அசைவைச் சொல்லும். ஆனால் அவற்றின் சின்னப் பிழைகள் கூடிக்கூடிப் பெரிதாகும். அதைத் திருத்த, தரையை நோக்கிய கறுப்பு வெள்ளைக் கேமரா நொடிக்கு 30 படம் எடுத்து, கற்களின் மூலைகள் நினைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடும். படங்களை ஒப்பிடும் வேலையை நடத்தியது கைப்பேசிக்குச் செய்த ஒரு ஸ்னாப்டிராகன் சில்லு.

2021 மே 22, ஆறாவது பயணம். 10 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 54ஆவது நொடியில் ஒரு படம், ஒரே ஒரு படம், வழியில் தொலைந்தது. அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படத்திலும் நேர முத்திரை தப்பாகப் பதிந்தது. இப்போது எடுத்த படத்தை வேறொரு கணத்தில் எடுத்ததாக நினைத்து ஒப்பிட்டது இயந்திரம். கற்கள் நினைத்த இடத்தில் இல்லை. ஆகவே நான் நகர்ந்துவிட்டேன் என்று முடிவுகட்டித் தன்னைத் திருத்தியது. அடுத்த படமும் அப்படியே. இல்லாத பிழையைத் திருத்தித் திருத்தி 20 டிகிரிக்கு மேல் முன்னும் பின்னுமாக ஆடியது. கேமரா பழுதில்லை, கணக்கும் தவறில்லை, வித்தியாசம் மட்டும் பொய். ஆனாலும் இறங்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் ஐந்து மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது. வடிவமைத்தவர்கள் நிலைத்தன்மைக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். இன்னொன்று, தரை நெருங்கும்போது தூசி கிளம்பும் என்பதால் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்பாதே என்று முன்பே எழுதியிருந்தார்கள். தூசிக்காக எழுதிய வரி, யாரும் நினைக்காத இன்னொரு கோளாறிலிருந்து காப்பாற்றியது.

ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பிய ஹெலிகாப்டர் 72 முறை பறந்தது. கடைசிப் பயணம் 2024 ஜனவரி 18. அலையலையாக மணல் படிந்த பகுதி. பிடித்துக்கொள்ளக் கல் இல்லை, மூலை இல்லை. 12 மீட்டர் மேலே போய் இறங்கும்போது, தான் எவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் நகர்கிறோம் என்பது அதற்குத் தெரியவில்லை. சாய்வில் வேகமாக மோதிச் சட்டென்று சாய்ந்தது; நான்கு இறக்கைகளும் முறிந்தன. ஆறாவது பயணத்தில் பொய்யான வித்தியாசம்; இங்கே வித்தியாசத்தைக் காட்ட ஒன்றுமே இல்லை. நான் வகுப்பில் முதலாவதைவிட இரண்டாவதைத்தான் அதிக நேரம் பேசுவேன். தவறான அளவீட்டைக் கண்டுபிடிக்க எத்தனையோ வழிகள் உண்டு. அளவீடே இல்லாத இடத்தில் எதிர்பார்ப்பை எவ்வளவு நேரம் நம்பலாம் என்பது இன்னும் திறந்து கிடக்கும் ஆராய்ச்சிக் கேள்வி.

கடைசியாக ஒரு சர்ச்சை. 2023இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் டேவிடே ஸ்கரமுஸாவின் குழு, ஸ்விஃப்ட் என்ற டிரோன் மனிதச் சாம்பியன்கள் மூவரைப் பந்தயத்தில் வென்றதாக நேச்சர் இதழில் எழுதியது. 25 பந்தயங்களில் 15 அதற்கு. நான் இவ்வளவு நேரம் சொன்ன வகையிலான முன்கணிப்புத் திட்டம் அதில் இல்லை. பாவனை உலகில் விழுந்து எழுந்து கற்ற நரம்பு வலையமைப்பு, எந்தத் திட்டமும் எழுதாமல் நேராகக் கட்டளை கொடுத்தது. அதே ஆண்டு அவர்களே இன்னொரு கட்டுரையில் காரணத்தையும் ஆராய்ந்தார்கள். கற்கும் முறை கணக்கை இன்னும் திறமையாகப் போட்டதால் ஜெயிக்கவில்லை. வேறு கணக்கைப் போட்டதால் ஜெயித்தது. பழைய முறை முதலில் ஒரு பாதையை வரைந்து, பிறகு அதை ஒட்டிப் பறக்கப் பார்க்கிறது. பந்தயத்துக்குப் பாதை எதற்கு? பந்தயத் தடத்தில் உள்ள வாசல்களைச் சீக்கிரம் கடந்தால் போதாதா?

இளைஞர்கள் இதைக் காட்டி, ஐயா, உங்கள் பாடம் பழசாகிவிட்டது என்கிறார்கள். பந்தயத்தில் ஆகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த டிரோனுக்கு மோதினால் ஒரு பந்தயம்தான் போகும். உலையின் வெப்பம் வரம்பைத் தாண்டாது என்று எழுத்தில் உறுதி கேட்கிற ஆலை மேலாளரிடம், இது லட்சம் முறை பயிற்சி எடுத்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். வரம்பைக் கணக்குக்குள் எழுதி, அதற்கு உட்பட்டே விடை தேடுகிற முறைக்கு அங்கே இன்னும் பல ஆண்டு வேலை இருக்கிறது. கற்றுக்கொண்ட மாதிரியை உள்ளே வைத்து, வரம்பை வெளியே காவல் வைக்கிற கலப்பு முறைகளில் இப்போது நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். முனைவர் பட்டத்துக்கு இடம் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகலாம் என்பது என் யோசனை.

கேள்விகளுக்கு வரலாம். பின்வரிசையில் முதலிலேயே கை தூக்கிய அந்தத் தம்பி கேட்கட்டும்.